காலி டப்பா கடை

வெள்ளிக்கிழமை. காலை 7.40.

பவர்லூம் ஷெட்டில் இரவு ஷிப்டை முடித்துவிட்டு வந்த லிங்கேஷ், வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருப்பதைப் பார்த்தான். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனான். அடுக்களைத் தரையில் அவன் மனைவி ப்ரியதர்ஷினி கிடந்தாள். சேலை கட்டி, பின் குத்தி, தலையில் பூவும் வைத்தாயிற்று. பக்கத்தில் தட்டு. தட்டில் ஒன்றரை இட்லி, இட்லிப்பொடி, பொடிக்கு நடுவே குழி பறித்து ஊற்றிய நல்லெண்ணெய்.

8.30. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பூச்சி மருந்து. ஒண்ணும் செய்யதுக்கில்ல” என்றார். வீட்டைப் பார்க்கப் போன ஏட்டு, அலமாரியிலிருந்த எண்ணெய் பாட்டிலைத் திறந்து மோந்தார். திறந்த வேகத்தில் மூடினார்.

9.30. ஷாஹின் பானுவின் கடை வாசலில் ஜீப் வந்து நின்றது.

கடைக்குப் போர்டில் அழகான பெயர் ஒன்று உண்டு. ஊரில் ஒருத்தரும் அதைச் சொல்வதில்லை; காலி டப்பா கடை என்றால்தான் ஆட்டோக்காரருக்குக் கூடத் தெரியும். எண்ணெய், பருப்பு, சீயக்காய், துணி துவைக்கிற பவுடர் எல்லாம் உண்டு. கவர் மட்டும் கிடையாது. டப்பாவோ பாட்டிலோ தூக்குச்சட்டியோ நாமே கொண்டுபோக வேண்டும். முதல் தடவை கொண்டுபோகும்போது காலிப் பாத்திரத்தை மூடியோடு எடை போட்டு, அதன் அடியில் பெயிண்ட் பேனாவால் ஆள் பெயரும் எடையும் எழுதிவிடுவாள் பானு. அப்புறம் ஒவ்வொரு தடவையும் மொத்த எடையில் அதைக் கழித்துக்கொண்டால் ஆயிற்று. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பாத்திரத்தை வாசல் ரேக்கில் வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் நிரம்பினதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

எஸ்.ஐ. தாவீது ரேக்கை ஒரு பார்வை பார்த்தார். நோட்டைத் திறந்தார்.

“ப்ரியதர்ஷினிக்கு எப்ப ஊத்தினிய?”

“நேத்து காலம்பற பதினொரு மணிக்கு சார். நல்லெண்ணெய், அரைக் கிலோ.”

“எண்ணெய் எங்கேருந்து வருது?”

“பனவடலிசத்திரத்துல செக்கு வச்சிருக்காவ. அங்கேருந்து.”

“அதே கேன்லேருந்து வேற யாருக்கு ஊத்தினிய?”

“ஏழு பேருக்கு. ஏன் சார்? எண்ணெய் கெட்டுப் போச்சா?”

தாவீது சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கேட்டது காதுக்குள் போயிற்று. அதற்கு அப்புறம் எங்கேயும் போகவில்லை. எட்டு மாதத்துக்கு முன் கடை திறந்த அன்று, ஒரு ஈ காக்கை வராமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தவளிடம், “பானுக்கா, போணி பண்ணுங்க” என்று முதல் பாட்டிலை நீட்டியவள் ப்ரியா. அவளா? நேற்று ஆறு மணிக்குக்கூடக் கையை ஆட்டிவிட்டுப் போனாளே.

அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஏழு வீட்டுக்கும் போன் போயிற்று. ஏழு வீட்டிலும் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். ஒருத்தி மட்டும், போன் வந்த பிறகு தனக்கு வயிற்றைப் புரட்டுவதாகச் சொன்னாள்.

“அப்ப கேன்ல கோளாறு இல்ல. அந்த ஒரு பாட்டில்லதான் கோளாறு” என்றார் தாவீது. “கடைல கலந்திருக்கணும். இல்லாட்டி வீட்ல கலந்திருக்கணும். கடையப் பூட்டுங்க. நீங்க ஜீப்புல ஏறுங்க.”

பக்கத்துக் கடை சங்கரசுப்பு அண்ணாச்சி கும்பிட்டுக்கொண்டே முன்னால் வந்தார். இருபத்திரண்டு வருஷமாகப் பிளாஸ்டிக் கவர் மொத்த வியாபாரம். நல்ல மனுஷன் என்று பெயர். பானு கடைக்கு ரேக் வந்து இறங்கினபோது ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டவரும் அவர்தான்.

“சார், இந்தப் புள்ள அப்படிச் செய்யாது சார். இந்த டப்பா, பாட்டில் சமாச்சாரம்தான் சரியில்ல. யாரு பாத்திரத்துல என்ன இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்? சீல் போட்ட பாக்கெட்னா இந்தத் தொல்லை உண்டா? எட்டு மாசத்துல முன்னூத்தி எண்பத்தாறு குடும்பத்தச் சேத்துப்புட்டா. இனி அவ்வளவு பேரும் எங்க போவாவ, சொல்லுங்க?”

“உங்க கடைக்குத்தான் அண்ணாச்சி, வேற எங்க போவாவ” என்றது கூட்டத்தில் ஒரு குரல். அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. தாவீது சிரிக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் எழுதுகிற வழக்கம் அவருக்கு, இதையும் எழுதிக்கொண்டார்.

11.15. ஸ்டேஷன்.

ஒரு பெஞ்சில் பானு. எதிர் பெஞ்சில் லிங்கேஷ். இரண்டு பேர் டீயும் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. துபாயிலிருந்து புருஷன் சிஹாபுதீன் நாலு தடவை கூப்பிட்டுவிட்டான். போன் அதிர்வது மடியில் தெரிந்தது. எடுக்க வேண்டும் என்று கைக்குத் தோன்றவில்லை. அழுகை வரும், வரும் என்று அவளும் காத்துக்கொண்டுதான் இருந்தாள். வரவில்லை.

தாவீது லிங்கேஷிடம் குனிந்தார்.

“வீட்ல சண்டை ஏதும் உண்டா?”

“இல்ல சார்.”

“சுத்தமா இல்லையா? எங்க வீட்ல உண்டுமே.”

“நான் கவர் பால் வாங்கிட்டு வந்தா சத்தம் போடுவா. அதான் சார் சண்டை.”

“எண்ணெய் யாரு வாங்குவா?”

“அவ இல்லாட்டி நான். தராசுகிட்டயே நிப்பேன். பாட்டிலையும் சேத்து எடை போட்டு எங்க தலையில கட்டிராதியன்னு பானுக்காவக் கேலி பண்ணுவேன்.”

அவன் ஏதோ ரயில் நேரம் சொல்வதுபோல் சொன்னான். தாவீது திரும்பி, மேசையிலிருந்த பாட்டிலை எடுத்தார். எண்ணெயை லேபுக்கு அனுப்பியாயிற்று. காலிப் பாட்டில், மூடியோடு ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. கைரேகை எடுத்தாச்சு என்று சொல்லி, வெளியே எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார்.

“இது உங்க எழுத்தா?”

‘ப்ரி 386.’

“ஆமா சார்.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

பானு கையில் வாங்கினாள். ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற சாதாரண ஊறுகாய் பாட்டில்தான். அதே சிவப்பு மூடி. எழுத்தும் அவள் எழுத்து மாதிரியேதான். ஆனால் கை இறங்கிற்று. காலையிலிருந்து உடம்பில் ஒன்றுமே உறைக்காமல் உட்கார்ந்திருந்தவளுக்கு, அது உறைத்தது.

“சார், இது ப்ரியா பாட்டில் இல்ல.”

“இப்பத்தான் உங்க எழுத்துன்னிய.”

“கனமா இருக்கு. எட்டு மாசமாத் தூக்குற பாட்டில் சார். இத எடை போடுங்க.”

“எதுக்கு?”

“போட்டுப் பாருங்க சார்.”

“உங்க தராசு சீல் வச்ச கடைக்குள்ள கெடக்கு.”

“எங்க தராசு வேண்டாம். எதுத்த மளிகைக் கடையில வாங்குங்க.”

ஏட்டு போய் முத்திரை போட்ட தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாட்டிலை மூடியோடு வைத்தார்கள். 452.

தாவீது பாட்டிலை எடுத்தார், மறுபடி வைத்தார். 452.

“சரி. உங்க தராசுல கோளாறு இருக்கலாம்லா?”

“ரேக்குல வேற பாத்திரம் நிக்குது சார். எதையாவது எடுத்து வரச் சொல்லுங்க.”

மூன்று பாத்திரம் வந்தது. காலி செய்து எடை போட்டார்கள். அடியில் எழுதியிருந்ததும் தராசு காட்டியதும் மூன்றிலும் ஒன்றுதான்.

தாவீது நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். “சொல்லுங்க.”

“யாரோ இதே மாதிரி ஒரு பாட்டில்ல மருந்து கலந்த எண்ணெய ஊத்தி, ரேக்குல மாத்தி வச்சிருக்காவ. அடியில இருந்தத அப்படியே பாத்து எழுதியிருக்காவ. பழைய காலத்து பாட்டில், கண்ணாடி கனம். அதான் அறுபத்தாறு கிராம் கூட நிக்குது.”

“அத நீங்களே செஞ்சிருக்கலாம்.”

“நானா இருந்தா எடை போட்டு எழுதியிருப்பேன் சார். அது என் கைப்பழக்கம்.”

தாவீது எதிர் பெஞ்சைப் பார்த்தார். “இவனும் தராசுகிட்ட நிக்கிற ஆளு. அது எடைன்னு இவனுக்கும் தெரியும்.”

“எங்கிட்ட ஒரு தடவை டப்பா கொண்டு வந்தவங்க அத்தன பேருக்கும் தெரியும் சார். அது என்ன நம்பர்னு தெரியாதவங்கதான் இதச் செஞ்சிருக்கணும்.”

“ஒரு நாளும் டப்பா கொண்டு வராத ஆளு.” தாவீது பேனாவால் மேசையைத் தட்டினார். “ஊர்ல பாதி அப்படித்தான். நேத்து பதினொண்ணுலேருந்து ஆறு மணி வர ரேக்குகிட்ட யாரு நின்னா?”

“நான் கடையிலயேதான் இருந்தேன். ஒண்ணே கால்லேருந்து ரெண்டு வர சாப்பாட்டுக்குப் போவேன். ஷட்டர பாதி இறக்கிட்டு, அண்ணாச்சிகிட்ட பாத்துக்கிடச் சொல்லிட்டு…”

அவள் நிறுத்தினாள். தாவீது எதிரே இருந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார்.

“உங்க கடைக்கு மொத்தம் எத்தன குடும்பம் வருது?”

“எழுபது. மிஞ்சிப் போனா எழுபத்தஞ்சு.”

“இதக் கேளுங்க.” அவர் வாசித்தார். “‘எட்டு மாசத்துல முன்னூத்தி எண்பத்தாறு குடும்பத்தச் சேத்துப்புட்டா.’ நம்ம சங்கரசுப்பு அண்ணாச்சி. காலைல ஒம்பதே முக்காலுக்கு.”

மேசையிலிருந்த பாட்டிலை மறுபடி கவிழ்த்து அடியைக் காட்டினார்.

“அவரு அத கஸ்டமர் நம்பர்னு நெனச்சிருக்காரு” என்றார் தாவீது. “நிமிந்து நிக்கிற பாட்டிலுக்கு அடியில என்ன எழுதியிருக்குன்னு, தூக்கிக் கவுத்துப் பாக்காம எப்படித் தெரியும்?”

1.20. சங்கரசுப்பு அண்ணாச்சி கடை.

அண்ணாச்சி கேரியரைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அண்ணாச்சி மனைவி ஊறுகாய் போடுகிற பாட்டில் இதே மாதிரிதானே என்று தாவீது கேட்டதற்குத் தலையாட்டினார். ஒவ்வொரு கவர் கட்டின் மேலும் கணக்கு எழுதியிருந்தது, அதே மாதிரிப் பெயிண்ட் பேனாவில். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்குப் பக்கத்தில் சிவப்பு மூடி போட்ட பாட்டில், கால்வாசி குறைந்த நல்லெண்ணெயோடு நின்றது. தாவீது அதைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

‘ப்ரி 386.’

“அண்ணாச்சி, இத ஏன் தூரப் போடல?”

சங்கரசுப்பு விரலில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்தார். “நல்ல செக்கு எண்ணெய் சார். வீணாக்க மனசு வரல.”

“அந்தப் பிள்ளைய ஏன்?”

“யாருன்னே எனக்குத் தெரியாது சார். எங்கிட்ட இருந்த பாட்டில் மாதிரி ரேக்குல எது நின்னுச்சோ, அத எடுத்தேன். கொஞ்சமாத்தான் ஊத்தினேன். ரெண்டு பேரு வயித்தால போயி ஆஸ்பத்திரில படுத்தா, டப்பா தூக்கிட்டு வாரத விட்ருவாவன்னு நெனச்சேன். முன்னெல்லாம் சிவகிரி வர எங்க கவர்தான் சார் போகும். இப்ப இந்தத் தெருவுல ஒருத்தன் வாங்கமாட்டேங்கான்.” அப்புறம்தான் ஜீப்பில் உட்கார்ந்திருந்த பானுவைப் பார்த்தார். “ஏம்மா பானு, உன்னைய ஒண்ணும் செய்யணும்னு நான் நெனைக்கலம்மா.”

தினமும் ஒன்றே காலுக்கு, “அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனவள்தானே அவள். கோபம் வர வேண்டும். அதுவும் வரவில்லை.

“கை கழுவிட்டு வாரும்” என்றார் தாவீது.

வெளியே வந்து ஜீப் ஓரம் நின்றார். “உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. தாசில்தார்ட்ட பேசி திங்கக்கிழமை சீல எடுத்துருவோம். வீட்டுக்குப் போங்க.”

பானு இறங்கவில்லை. “நேத்து அவளே ரேக்குலேருந்து எடுத்துக்கிட்டா சார். நான் வேற ஒருத்தருக்கு பருப்பு அள்ளிக்கிட்டிருந்தேன். கைய ஆட்டினா. நான் தலைய ஆட்டினேன். நான் எந்திச்சு எடுத்துக் குடுத்திருந்தா, கையில தூக்குன உடனே தெரிஞ்சிருக்கும்.”

தாவீது நோட்டைத் திறக்கவில்லை. “திங்கக்கிழமை கடையத் தொறப்பியளா?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியல சார்.”

திங்கட்கிழமை சீலை எடுத்தார்கள். அவள் கடையைத் திறந்தாள். ரேக்கை உள்ளே இழுத்துப் போட்டாள். பகல் முழுக்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் ரொம்பத் தன்மையாகப் பேசினார்கள், அண்ணாச்சியைத் திட்டினார்கள், பானுவுக்குத் தைரியம் சொன்னார்கள். சொல்லிவிட்டு ரேக்கில் நின்ற தங்கள் தங்கள் பாத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் எதையும் ஊற்றச் சொல்லவில்லை. நாலு மணிக்கெல்லாம் ரேக் காலியாகிவிட்டது.

ஐந்து மணிக்கு ஆவுடையம்மாள் வந்தாள், பூமார்க்கெட்டில் பூக்கட்டுகிறவள். தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்தாள்.

“கால் கிலோ நல்லெண்ணெய் ஊத்து தாயி.” சொல்லிவிட்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது. “தப்பா நெனைக்காத. வீட்ல சின்னப் பிள்ளைய இருக்கு…”

“தப்பே இல்லம்மா.”

பானு ஒரு கரண்டி எடுத்தாள். கேனிலிருந்து எண்ணெயைப் பிடித்து, ஆவுடையம்மாள் பார்க்கப் பார்க்க வாயில் ஊற்றி விழுங்கினாள். நாக்கை நீட்டிக்கூடக் காட்டினாள். ஆவுடையம்மாள் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சும்மா நின்றாள். பானுவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கொஞ்ச நேரம் பார்த்தாக வேண்டும் அல்லவா.

பானுவும் நின்றாள். நல்ல செக்கு எண்ணெய்தான். அவள் நாக்குக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.