ரப்பர் கருகும் வாசனை

பஞ்சர் கடைக்காரர் தன் மகனை ஸ்கேன் எடுக்கக் கூட்டி வந்தபோது வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே எலும்பில் இறங்கும் குளிர். ஜன்னல் இல்லாத அறை. சுவருக்கு அப்பால் இயந்திரம் டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது. படித்தவன் பேச்சென்றாலே அவருக்கு ஆகாது. ஆளை விழுங்கும் குழாய் என்றால் கேட்கவே வேண்டாம்.

"வீட்டுல படுத்திருந்தாலும் ரப்பர் கருகுற வாசனை வருதுப்பா" என்று மகன் முதலில் சொன்னபோது, "பஞ்சர் கடைக்காரன் பிள்ளைக்குப் பன்னீரா மணக்கும்?" என்று கேலி செய்தவர் இவர்தான். அவன் வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் முதல் ஸ்கேன்.

ஸ்கேன் எடுப்பவர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார்.

"இது பழசு. புகை படிஞ்ச மாதிரி மங்கலா இருக்கு. மருந்து ஏத்தியும் ஒளிரல. மெதுவா வளர்ற சாதிக் கட்டி. இது இன்னிக்கு எடுத்தது. சுத்தி வெள்ளை வளையம், நடுவுல கருப்பு. நடுவுல செத்துப்போச்சு, ஓரம் தின்னுக்கிட்டே போகுது. டாக்டர்தான் உறுதியா சொல்லணும் பெரியவரே, ஆனா..."

"உன் மிஷின் பொய் சொல்லுது. என் தலையை வச்சுப் பாரு."

"அப்படியெல்லாம் எடுக்கக் கூடாதுங்க."

"பயமா? எடுய்யா!" பெல்ட்டையும் சாவியையும் கழற்றி மேசையில் வீசினார். அவரை நகர்த்த முடியவில்லை. கடைசியில் அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டு படுக்க வைத்தார்.

குழாய்க்குள் மூச்சு முட்டியது. டொக். டொக். சாமி, பேய் எதையும் நம்பாத மனுஷன், வாய்க்குள் முணுமுணுத்தார்.

"எதுவா இருந்தாலும் சரி. அவனை விட்டுடு. எங்கிட்ட வந்துடு."

தட்டல் நின்றது.

காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

வெளியே வந்தபோது ஸ்கேன் எடுப்பவரின் முகத்தில் ரத்தமே இல்லை. திரையில் புகை படிந்த மங்கல். மகனுக்கு முதலில் இருந்த அதே இடம், அதே உருவம்.

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். "வந்துடுச்சு! இப்ப அவனை மறுபடி எடு."

எடுத்தார்.

வளையம் அங்கேயே இருந்தது. இன்னும் பெரிதாக.

கிழவரின் மூக்கில் ஏறியது அந்த வாசனை. அவர் முகம் போன போக்கைப் பார்த்த மகன் மெல்லக் கேட்டான். "உனக்கும் வருதாப்பா?"



ஸ்கேன் எடுப்பவர் இயந்திரத்தை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் குழாய்க்குள் டொக், டொக். அவர் எழுந்து மூலை மூலையாக மோந்து பார்த்தார்.

"வயர் எதுவும் கருகலையே..." என்று கிசுகிசுத்தார். "ரப்பர் எரியுற மாதிரி இருக்கு. உங்களுக்கு வரல?"