நாலு விரல் தூரத்தில்

தமிழ்செல்வி அந்த அறைக்குக் குடிவந்தது நல்ல பட்டப்பகலில். ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால், லாரிப் புழுதி படிந்த ஒரு சந்தில், வரிசையாகக் கட்டிய தகரக்கூரை வீடுகளில் கடைசி வீடு. உள்ளே ஒரு கட்டில், ஒரு தலையணை, ஒரு ஜன்னல். ஜன்னல் முழுக்கக் கறுப்புத் தாளை ஒட்டி வைத்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு.

"முன்னாடி இருந்த பொண்ணு நைட் ஷிப்ட்டும்மா. பகல்ல தூங்கணும்ல, அவ ஒட்டுனது" என்றாள் வீட்டுக்காரி நஞ்சம்மா. வாசற்படியைத் தாண்டாமலே கையை மட்டும் நீட்டிச் சாவியைக் கொடுத்தாள்.

தமிழ்செல்வி தாளைக் கிழிக்கப் பார்த்தாள். அது வரவில்லை. போகட்டும் என்று லைட்டைப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு வேறு கவலை. நாலு வயது சுவேதாவைச் சாத்தூரில் அக்கா நாகம்மாளிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். புருஷன் செத்த பிறகு கிடைத்த முதல் வேலை இது. ஒரு கூரியர் கம்பெனிக்கு வரும் புகார்களை அறையில் இருந்தபடியே போனில் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் பஸ் ஏறிப் பெங்களூர் ஆபீசுக்குப் போக வேண்டும். வேலை நிரந்தரமானால் பிள்ளையைக் கூட்டி வந்துவிடலாம். இல்லாவிட்டால் பிள்ளை அங்கே, தாய் இங்கே.

தனிமை என்றால் என்னவென்று ஓசூரில்தான் அவளுக்குத் தெரிந்தது. பகல் முழுக்க எங்கெங்கோ இருப்பவர்களிடம் பேசினாள். அத்தனை பேரும் திட்டினார்கள். ஹெட்செட்டைக் கழற்றினால் "சாப்பிட்டியா" என்று கேட்க நாதியில்லை. பக்கத்து வீடுகளில் கன்னடத்தில் சிரித்தார்கள், தெலுங்கில் சண்டை போட்டார்கள். இரண்டும் அவளுக்குப் புரியவில்லை.

அப்படியிருக்க, ஒரு நாள் மேலதிகாரி கௌதம் கூப்பிட்டான்.

"உங்க போன் கால்ல இன்னொரு குரல் கேக்குதுன்னு கஸ்டமருங்க சொல்றாங்க. ரூம்ல யாரு?"

"யாருமில்ல சார். பக்கத்து வீட்டு டிவியா இருக்கும்."

"கஸ்டமர் விவரம் அடுத்தவங்க காதுல விழக்கூடாதுன்னு தெரியும்ல? நல்ல ஹெட்செட்டா வாங்குங்க. இன்னொரு தடவ கேட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அன்றைக்கே பாகலூர் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினாள். கடைக்காரி வீரலட்சுமி வாய் ஓயாதவள்.

"வீட்லயும் போடணும், பஸ்லயும் போடணும்க்கா. பக்கத்துச் சத்தம் போகவே கூடாது."

"காதுல சொருகறது பஸ்சுக்கு ஆவும். ஆனா காத்தடிச்சா அந்தப் பக்கம் கொர்ருங்கும். இந்தப் பெருசு நல்லா மூடிக்கும், மடக்க வராது, பையில வெச்சா ஒடஞ்சிரும். இதப் பாரு. மடங்கும். மைக்குத் தண்டு வாய்கிட்ட வருது பாரு? நாலு விரல் தூரம் தாண்டிட்டா எந்தச் சத்தத்தையும் எடுக்காது. உன் மாமியா பக்கத்துல நின்னு கத்துனாகூட அந்தப் பக்கம் போவாதும்மா!"

சொன்னதோடு விடவில்லை. கதவைத் திறந்து வைத்து, ரோட்டு ஹாரனுக்கு நடுவில் அவளைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து காட்டினாள். தமிழ்செல்வியின் குரல் மட்டும் பளிச்சென்று வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

மறுநாள் உச்சிவெயில். சேலத்திலிருந்து ஒரு பெரியவர் பார்சல் வரவில்லை என்று எகிறினார். இவளும் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று. திடீரென்று அவர் தணிந்தார்.

"ஏம்மா, தூங்கற பொண்ணைப் போட்டு ஏன் படுத்தற? மெல்ல பேசு, மெல்ல பேசுன்னு அது எத்தன வாட்டிதான் கெஞ்சும்?"

தமிழ்செல்வி அழைப்பைத் துண்டித்தாள். பதிவு பட்டனை அழுத்தி, "ஹலோ, ஹலோ" என்றாள். போட்டுக் கேட்டாள்.

லாரி ஹாரன் இல்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் இல்லை. தகரக்கூரையின் சடசடப்பு இல்லை. அவள் குரல் மட்டும் தெளிவாக. அதற்குப் பிறகு, அதே தெளிவில், இன்னொன்று.

"மெல்ல பேசுக்கா. இப்பத்தான் கண்ணசந்தேன்."

மைக்கில் ஒரு குறையும் இல்லை.

நாலு விரல் தூரம்.

அவள் கையை மெதுவாகத் தூக்கி உதட்டுக்கு முன்னால் வைத்தாள்.

விரல்களின் மறுபக்கத்தில் சூடாக ஒரு மூச்சு பட்டது. மெஷின் ஆயில் வாடை.

விழுந்தடித்துக்கொண்டு நஞ்சம்மாவிடம் ஓடினாள். நஞ்சம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"மாதேஸ்வரிம்மா அவ பேரு. ராயக்கோட்டைப் பக்கம். கம்பெனியில மெஷின் வேலை, விடிஞ்சாத்தான் முடிஞ்சு வருவா. படுத்தா சுத்தியும் டிவி, சண்டை. மெல்ல பேசுங்கன்னு ஒவ்வொரு வாசலா வந்து கும்புட்டா. பாவிங்க, நாங்க யாரும் கேக்கல. தூக்கமில்லாமயே வத்திப்போனா. ஒரு நாள் வந்து படுத்தவ எந்திரிக்கல."

"அந்தக் கட்டில்லயா?"

"அதே கட்டில்தாம்மா. அதே தலையணை."

நினைத்த மாத்திரத்தில் ஓசூரில் வேறு அறை கிடைக்க அவள் என்ன கம்பெனி முதலாளியா? திரும்பித்தான் போக வேண்டியிருந்தது. கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"இனிமே மெல்ல பேசுறேன்மா. நீ தூங்கு" என்றாள்.

அப்படியே செய்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள், பாத்திரத்தைப் பூப்போல வைத்தாள், தலையணையில் பாதியை விட்டுப் படுத்தாள். அதற்குப் பிறகு ஒரு புகாரும் வரவில்லை. திட்ட வந்தவர்கள்கூட அவளுடைய மெல்லிய குரலுக்குத் தணிந்து போனார்கள். பயம் இருந்தது, இல்லையென்று பொய் சொல்லக்கூடாது. ஆனாலும் அந்த ஊரில் அவளை அக்கா என்று கூப்பிட்டது அந்த ஒரு குரல்தானே! அதை நினைத்து ஒரு நாள் அழுதும் விட்டாள்.

வேலை நிரந்தரமாயிற்று. தொரப்பள்ளிப் பக்கம் வெளிச்சமான வேறு அறை கிடைத்தது. சாமானை அங்கே போட்டுவிட்டு, பிள்ளையைக் கூட்டிவரப் புறப்பட்டாள். சாவியைக் கொடுக்கும்போது நஞ்சம்மா கேட்டாள்.

"கெளம்பும்போது உள்ள யாருகிட்ட பேசுன?"

"மாதேஸ்வரிகிட்டதான். போயிட்டு வாரேன்மான்னு சொன்னேன்."

நஞ்சம்மாவுக்கு முகம் வெளுத்தது. "ஐயோ, எழவு வீட்ல யாராவது சொல்லிட்டுக் கெளம்புவாங்களா? உங்க ஊர்ல இது தெரியாதா?"

தெரியும். பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது.

பஸ் கிருஷ்ணகிரியைத் தாண்டியது. நல்ல வெயில், பாதி சீட் காலி. டிரைவர் பாட்டை அலறவிட்டிருந்தார். தமிழ்செல்வி பையிலிருந்து ஹெட்செட்டை விரித்து மாட்டி, சாத்தூருக்குக் கூப்பிட்டாள்.

"அம்மா!" என்று கூவிய சுவேதா சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன்டி தங்கம், குசுகுசுன்னு பேசுற?"

"உன் பக்கத்துல அந்த அக்கா தூங்குறாங்கல்ல. மெல்ல பேசச் சொன்னாங்க."

பக்கத்து சீட்டில் யாருமில்லை. தமிழ்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உதட்டருகே வேறொரு மூச்சு சீராக வந்து போனது.

"அம்மா, நான் அங்க வந்ததும் தலையணையில பாதி எனக்குத் தாராங்களாம்."