கயிற்றின் மறுமுனை

மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் காலணி நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டபோது வெயில் பளிச்சென்று அடித்தது. ஐந்து உச்சிகளும் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டாற்போல வரிசையாக நின்றன. காலையில் ஏறினால் ஐந்தையும் தொட்டுவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று அடிவாரத்து விடுதிக்காரர் சொல்லியிருந்தார்.

மூத்தவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். இளையவள் அவள் நாத்தனார், பேக்கரியில் கேக் அலங்கரிப்பவள். வாய் ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். உடன் வருவதாக இருந்த மூத்தவளின் கணவனுக்குக் கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டது. "பேச்சு சுவாரசியத்துல என் தங்கச்சியை மலையிலயே விட்டுட்டு வந்துடாதே," என்று சிரித்தபடி வழியனுப்பினான்.

முதல் இரண்டு உச்சிகளும் ரேடியோவின் பேச்சிலேயே கடந்துபோயின.

"மேனேஜர் ரிடையர் ஆகறாருன்னு கேக் சொன்னாங்க அண்ணி. மேல என்ன எழுதணும்னு கேட்டா, 'விட்டது சனி'ன்னு எழுதச் சொல்றாங்க!"

"எழுதினியா?"

"ரோஜாப்பூவே வச்சுக் கொடுத்தேன்."

மூன்றாவது உச்சியில் சிரிப்பு நின்றது. பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஓசையில்லாமல் ஏறி வந்து, முதலில் பாதையை விழுங்கியது. பிறகு அவர்கள் கால்களை. ஈரக் கல்லும் அழுகிய புல்லுமாக ஒரு வாடை மூக்கில் ஏறியது. நான்காவது உச்சிக்குப் போக ஒரு குறுகிய பாறை விளிம்பைக் கடக்க வேண்டும், இருபுறமும் சரிவு. அண்ணி பையிலிருந்து கயிற்றை எடுத்து ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையை ரேடியோவின் இடுப்பில் தன் கையாலேயே முடிச்சுப் போட்டாள்.

"நான் முன்னால போறேன். பேசிக்கிட்டே வா. உன் குரல் கேட்டா எனக்குத் தைரியமா இருக்கும்."

"அதுக்கா பஞ்சம்?"

பேசிக்கொண்டேதான் வந்தாள். விளிம்பின் நடுவில் ஒரு சொல் பாதியில் அறுந்தது. கற்கள் உருளும் சத்தம். கயிறு தொய்ந்தது.

பிறகு மெதுவாக இறுகியது.

"ரேடியோ! என்னடி ஆச்சு?"

கயிறு லேசாக ஆடியது.

"ஒண்ணுமில்ல அண்ணி. நடங்க."

"இரு, நான் வரேன்."

"வராதீங்க. கல்லு ஆடுது. நானே வரேன்."

குரல் அவளுடையதுதான். அண்ணி மூச்சை விட்டுவிட்டு ஓரடி எடுத்து வைத்தாள். அப்போது வலப்புறம், சரிவின் ஆழத்திலிருந்து, அதே குரல் முனகியது.

"அண்ணி... விழுந்துட்டேன். கால் போச்சு அண்ணி."

அண்ணி அப்படியே நின்றாள்.

கயிறு இடுப்பைச் சுண்டி இழுத்தது. பின்னாலிருந்து, கிசுகிசுப்பாக: "கேட்டீங்களா? என் குரல்ல பேசுது. பதில் சொல்லாதீங்க."

"அண்ணி, நான்தான்! ரேடியோ! சத்தியமா நான்தான்!"

"நடங்க அண்ணி."

கீழே இருந்தது கெஞ்சியது. அண்ணன் பேரைச் சொன்னது. அம்மா பேரைச் சொன்னது. கடைசியில் வாய்க்கு வந்தபடி திட்டியது. கையில் பிடித்த கயிறு விறைப்பாக இருந்தது. தான் கட்டிய கயிறு. அதைவிட நம்ப வேறு என்ன இருந்தது? பல்லைக் கடித்துக்கொண்டு அவள் நடந்தாள். கதறல் தேய்ந்து தேய்ந்து காற்றோடு போனது.

நான்காவது உச்சியைத் தாண்டும்போதும், ஐந்தாவதைச் சுற்றி இறங்கும்போதும் பின்னாலிருந்து பேச்சே இல்லை. பயந்துபோயிருக்கிறாள், பாவம், என்றுதான் நினைத்தாள். கயிறு மட்டும் அவ்வப்போது அவளை இழுத்துப் பார்த்தது.

புல்வெளியில் பனிமூட்டம் விலகியது. மாலை வெயில். தூரத்தில் விடுதியின் கூரை.

"தப்பிச்சோம்டி," என்று திரும்பினாள்.

யாரும் இல்லை.

கயிறு அந்தரத்தில் விறைப்பாக நின்றிருந்தது. அவள் பார்த்த பிறகுதான் பொத்தென்று புல்லில் விழுந்தது. மறுமுனையில் முடிச்சு அவிழவில்லை. ஓர் இடுப்பின் அளவுக்கு வளையம் அப்படியே இருந்தது.

அலறிக்கொண்டு மேலே ஓடியவளை, சத்தம் கேட்டு வந்த விடுதிக்காரர்தான் பிடித்து நிறுத்தினார். தேடும் ஆட்கள் அன்றே ஏறியும் பனிமூட்டம் விடவில்லை. மறுநாள் காலை, பாறை இடுக்கில் ரேடியோவைக் கண்டெடுத்தார்கள். உயிர் இருந்தது. வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

நாலைந்து நாள் அவள் யாரிடமும் பேசவில்லை. ஒரு மதியம், அண்ணியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினாள்.

ஆஸ்பத்திரி அறையில் மருந்து நெடி. ஜன்னல் நிறைய வெளிச்சம். கட்டிலருகே கணவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மனைவி உள்ளே வந்தும் நிமிரவில்லை.

"உன் குரல்னு தெரியாம விட்டுட்டேன்டி," என்று அண்ணி அழுதாள். "என்னை மன்னிச்சுடு."

"தெரியாமலா?" ரேடியோவின் குரல் கத்திக் கத்திக் கிழிந்து, காற்றாக வந்தது. "நீங்க கீழ இறங்கி வந்தீங்களே அண்ணி."

"நானா?"

"பக்கத்துல உட்கார்ந்தீங்க. காப்பாத்த வந்துட்டீங்கன்னு உங்க கையைப் பிடிச்சேன். 'வலிக்குதா'ன்னு கேட்டீங்க. ஆமாம்னேன். உடைஞ்ச கால் மேல ஏறி நின்னீங்க. திரும்பவும் 'வலிக்குதா'ன்னு கேட்டீங்க. விடியறவரைக்கும் கேட்டீங்க. சிரிச்சுக்கிட்டே."

"ஐயோ, நான் இல்லடி! நம்புங்க, நான் விடுதியிலதான் இருந்தேன்!" அவள் கணவனின் தோளைத் தொட்டாள். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

ரேடியோ தலையணையில் மெல்லத் திரும்பினாள். அவள் பார்வை அண்ணியின் முகத்தில் நின்றது. பிறகு அண்ணியை ஒட்டினாற்போல் இருந்த வெற்று இடத்துக்கு நகர்ந்தது. மீண்டும் அண்ணிக்கு வந்தது. உதடுகள் வெளுத்தன.

"உங்களைத்தானே வரச் சொன்னேன்," என்றாள். "எதுக்கு ரெண்டு பேரா வந்திருக்கீங்க?"