மட்டி ஏறிய மலை

சந்திரவிலாசம் அரண்மனையில் ஆள் குடியிருந்து வெகு காலம் ஆகிவிட்டது. கூரை இடிந்து, சுவரில் ஆலமரம் முளைத்து, நடன மண்டபத்தில் புறாக்கள் குடும்பம் நடத்தின. அதைச் சுற்றியிருந்த பெரிய தோட்டமும் கருவை முட்செடிகள் மண்டிப் பூட்டிக் கிடந்தது.

ஜமீன் குடும்பத்து வைத்தியலிங்கம் அந்தத் தோட்டத்தைச் சுத்தம் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்துவைத்தார். விழாவில் வரவேற்புப் பாட்டு பாடக் கயல்விழியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆறாம் வகுப்பில் அவள் குரல்தான் கணீரென்று இருக்கும்.

அன்று காலை தலை பின்னிவிடும்போது அம்மா அம்சம் சொன்னாள்: "அங்க ஒரு படகுக்குளமும் மலையும் இருக்குமே, அதெல்லாம் அந்தக் காலத்துல நம்ம கீழத்தெரு ஆளுங்க வெட்டிச் சுமந்ததுதான். வேலை முடிஞ்சதும் நம்மள உள்ள விடாம கதவைச் சாத்திட்டாங்களாம்."

தம்பி பரிதியும் தெருப் பிள்ளைகளும் கயலோடு கிளம்பினார்கள். வாசலில் காவலாளி கோவிந்தராசு கையை நீட்டி மறித்தார்.

"பாட்டுப் பாடுற பொண்ணு மட்டும் உள்ள போ. கீழத்தெருக் கூட்டத்தை விடக்கூடாதுன்னு உத்தரவு."

"நாங்க கைதட்டுறவங்க!" என்றான் பரிதி.

"வெளியிலேர்ந்தே தட்டு."

இரும்புக் கதவு மூடியது. கயல் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே நடந்தாள்.

மலையடிவாரத்தில் விருந்தினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வைத்தியலிங்கம் மைக்கைப் பிடித்தார். "எங்க கொள்ளுத்தாத்தா ஊட்டிக்குப் போனார். நம்ம ஊர்லயும் ஒரு மலை வேணும்னு ஆசைப்பட்டார். வயல்காட்டுக்கு நடுவுல இந்த மலையைத் தன் கையாலயே உருவாக்கினார்!"

கயல் மலையை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மண்ணை ஒரே ஆளா? புதிதாகப் படி வெட்டிய இடத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. குனிந்து நோண்டி எடுத்தாள். மட்டி ஓடு! சிப்பி மாதிரி, சேறும் தண்ணீரும் உள்ள இடத்தில் கிடப்பது. பக்கத்தில் இன்னும் நாலைந்து இருந்தன.

"கயல், பாட்டை ஆரம்பி" என்றார் கனகா டீச்சர்.

கயல் மைக் முன்னால் போய் நின்றாள். பாடவில்லை.

"சார், இது குளத்து மட்டி. மட்டிக்குக் கால் கிடையாது. அப்புறம் எப்படி மலை ஏறிச்சு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"குளத்தை வெட்டின மண்ணோட கூடையில ஏறி வந்திருக்கு. அந்தக் கூடையைச் சுமந்தது எங்க தெரு ஆளுங்க. உங்க கொள்ளுத்தாத்தா ஆசைதான் பட்டார் சார்."

"கயல்!" என்று டீச்சர் பதறினார்.

வைத்தியலிங்கத்தின் முகம் சிவந்தது. "பாட வந்தியா, பேச வந்தியா? பாட்டை மட்டும் பாடு."

கயல் மைக்கை விட்டு நகரவில்லை.

"மாட்டேன் சார். எங்க தெருப் பிள்ளைங்கள வாசல்ல நிறுத்தி வச்சிட்டு, 'வருக வருக'ன்னு எப்படிப் பாடுறது?"

எல்லோருடைய தலையும் வாசல் பக்கம் திரும்பியது. கம்பிகளுக்கு நடுவே வரிசையாகச் சின்ன முகங்கள்.

வைத்தியலிங்கம் கையை நீட்டினார். கயல் மட்டி ஓட்டைக் கொடுத்தாள். அவர் அதைப் புரட்டினார். உள்ளே குளத்துக் களிமண் கெட்டியாக ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, வாசலில் தெரிந்த முகங்களைப் பார்த்தார்.

"கோவிந்தராசு" என்றார் கடைசியில். "கதவைத் திறங்க. இனிமே யாரையும் மறிக்க வேண்டாம்."

கதவு பாதி திறப்பதற்குள் பிள்ளைகள் பாய்ந்து வந்துவிட்டார்கள். கயல் பாட ஆரம்பித்தாள். கைதட்டுவதாகச் சொன்ன பரிதி அங்கே நிற்கவே இல்லை. தடதடவென்று மலை உச்சிக்கே ஏறிவிட்டான்.

"அக்கா!" என்று அங்கிருந்து கத்தினான். "இங்கேர்ந்து நம்ம வீடு தெரியுது!"

பாட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டுக் கயலும் மலையேறினாள்.