இறுகிப்போன ரீல்

உராபேயின் வலது மணிக்கட்டு மத்தியானத்திலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. கப்பல் பட்டறையில் நாள் முழுக்க வால்வு மூடிகளைக் கழற்றிய கை. வெந்நீரில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். ஆனால் வாசலை ஒட்டிய மேஜையில், தூண்டில் நரம்பு சுற்றும் அந்தப் பழைய பித்தளை ரீல் கிடந்தது. பார்த்தால் கை சும்மா இருக்காது.

குளிர்காலத்து இருட்டு சீக்கிரமே இறங்கிவிட்டிருந்தது. அடுப்பின் மண்ணெண்ணெய் வாடையும், கெட்டில் முனகலும், சாலைக்கு அந்தப் பக்கம் படகுத்துறைச் சரிவில் ஏறி இறங்கும் தண்ணீரின் சத்தமும்தான் வீட்டில் துணை. பித்தளைக்கும் இரும்பு அச்சுக்கும் நடுவில் உப்பு இறுகினால் பலம் காட்டி ஆகாது. எண்ணெயில் ஊறப்போட்டு, வெந்நீர்த் துணியால் சூடு கொடுத்து, மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி, ஆறவிட்டு, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். துரு விடும்போது பல்லில் மணல் அரைபட்ட மாதிரி ஒரு சத்தம் வரும்.

இன்றைக்குக் கைப்பிடி அசைந்தது. சத்தம் வரவில்லை. ஒரு விரற்கடை முன்னால் போயிற்று. உராபே விரலை எடுத்ததும் மெதுவாகத் திரும்பி, பழைய இடத்தில் நின்றது.

துருவுக்கு இறுக்கிப் பிடிக்கத்தான் தெரியும். இழுக்கத் தெரியாது.

ரீலைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தவன் தொகுஹிசா, கடல் விராலுக்குப் போகும் படகுக்காரன். தாத்தா காலத்துச் சாமான், பரணில் கிடந்தது என்றான். துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டுத் துண்டை மட்டும் உருவிக்கொண்டான். கிளம்பும்போது, "ஓடுதான்னு நீங்களே ஒரு தரம் முழுசா சுத்திப் பாத்துருங்கண்ணே" என்றான். அப்போது அது சாதாரணப் பேச்சாகத்தான் தெரிந்தது.

இப்போது வேறு சிலதும் நினைவுக்கு வந்தன. மற்றவர்கள் வெறும் பெட்டியோடு திரும்பும் நாளிலும் தொகுஹிசாவின் தொட்டி நிறைந்திருக்கும். ஏலக் கூடத்தில், "உன் ஆளு நல்லாத்தான் குடுக்கறாரு" என்று கேலி பேசுவார்கள். கடலில் மிதக்கும் பிணத்தைப் பார்த்தால் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது இந்தத் துறையின் வழக்கம். படகின் இடப்பக்கம் போய், "மீன் தருவியா? தந்தா தூக்கறேன்" என்று கேட்க வேண்டும். செத்தவருக்குப் பதிலாகப் படகில் இன்னொருவர் "தர்றேன்" என்பார். பிறகு இடப்பக்கமாகவே தூக்கிக் கரை சேர்க்க வேண்டும். சேர்த்தவனுக்கு அந்தச் செத்தவர் மீன் கொடுத்துக்கொண்டே இருப்பார் என்பார்கள். கேலி பேசினால் தொகுஹிசா சிரிக்க மாட்டான். அவன் படகு, காலியாக நிற்கும்போதும், இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது.

உராபேயின் தம்பி கனமே கடலுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. படகு மட்டும் வந்தது. அஸ்திக் கலயத்தில் எலும்பு இல்லை, அதற்குப் பதில் அவன் சவரக்கத்திதான் இருக்கிறது. கனமேயின் பெண்சாதி மிசாவோ இன்றைக்கும் பின்கதவைத் தாழிடுவதில்லை. எலும்பு ஒன்றாவது கொண்டுவந்து கொடுங்கள் என்று அவள் ஒருமுறை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

உராபே பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினான். உள்ளே பச்சைக் களிம்பு கிடையாது. உப்பு கிடையாது. பல்சக்கரங்கள் நேற்று தேய்த்த பாத்திரம் போலப் பளபளத்தன. எங்கிருந்தோ ஒரு சொட்டு நீர் வந்து மேஜையில் விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தான். கடல்.

உருளையின் அடியில் முடிச்சும், ஒட்ட அறுத்த நரம்புத் துணுக்கும் இருந்தன. புது நைலான். ரீலை ஒட்டி எவனும் நரம்பை அறுக்க மாட்டான். அறுத்தால் அத்தனை நரம்பும் போச்சு. நுனியில் இருப்பது மேலே வரவே கூடாது என்றால் ஒழிய.

தொகுஹிசாவுக்குப் போன் போட்டான்.

"பரண்ல கெடந்த ரீல்ல நைலான் எப்படிடா வந்துச்சு?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. "சுத்திட்டீங்களாண்ணே?" என்றான் தொகுஹிசா.

"யாரை விட்டுட்டு வந்த?"

தொகுஹிசா அழாமல், வேகமாகச் சொன்னான். போன வருஷப் புயலுக்கு அப்புறம் தூண்டிலில் கனமாக ஏதோ மாட்டியது. ஒரு சட்டையின் முதுகு மேலே வந்தது. வழக்கப்படி கேட்டான். கேட்ட நிமிஷமே படகைச் சுற்றி மீன் கொதித்தது. பிணத்தை ஏற்றினால் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும், போலீஸ், விசாரணை. மறுநாள் வந்து தூக்கிக்கொள்ளலாம் என்று, நரம்பு முழுவதையும் ஓடவிட்டு ரீலை ஒட்டி அறுத்துவிட்டான். அன்றிலிருந்து ரீல் சுற்றவில்லை. முகத்தைப் பார்க்கவே இல்லையாம்.

"படகுல வேற யாரு இருந்தா?"

"நா மட்டுந்தான்."

"அப்ப 'தர்றேன்'னு சொன்னது யாரு?"

கெட்டில் முனகுவதை நிறுத்தியிருந்தது.

"அதாண்ணே," என்றான் தொகுஹிசா. "அதுவே சொல்லுச்சு."

போனை வைத்துவிட்டு உராபே கழற்றிய தகட்டைக் கையில் எடுத்தான். அப்படியே மூடி ஒரு துணியில் சுற்றி, தொகுஹிசாவின் வாசலில் எறிந்துவிட்டு வரலாம். மிசாவோவின் தாழிடாத கதவு ஞாபகம் வந்தது. தகட்டைப் பொருத்தினான். திருகாணிகளை முடுக்கினான். வலிக்கிற கையால் கைப்பிடியைப் பிடித்தான்.

சுற்றினான்.

இப்போது விட்டுக்கொடுத்தது. டிக். டிக். வெறும் உருளைதான். ஆனால் கனம் இருந்தது. மீனின் துள்ளல் இல்லாத கனம். சுற்றச் சுற்ற உருளை ஈரமாயிற்று. மணிக்கட்டு எரிந்தது. படகுத்துறைச் சரிவில் தண்ணீர் விலகும் சத்தம். பிறகு சிமென்டில் ஏதோ உரசும் சத்தம். அவன் நிறுத்தினான். அதுவும் நின்றது.

சுற்றினான்.

உரசல் சாலைக்கு வந்தது. பிறகு வேலிக் கல்லுக்கு. சேறும் பாசியும் கலந்த வாடை அடுப்பு வாடையை அமுக்கிவிட்டது. கதவு அவனுக்கு இடப்பக்கம் இருந்தது. அது ஒரு சாண் நகர்ந்தது. நிலைப்படியைத் தாண்டித் தண்ணீர் வந்தது.

விரல்கள் வந்தன. படகின் விளிம்பைப் பிடிப்பதுபோல நிலைப்படியைப் பிடித்தன. வெளுத்து, உப்பி. ஆள்காட்டி விரல் மற்றதைவிடக் குட்டை. வலை இழுக்கும் எந்திரம் கனமேயின் விரல் நுனியைக் கடித்துத் துப்பிய நாளில், கட்டுப் போட்டது உராபேதான்.

கை நீட்ட நினைத்தான். கை கைப்பிடியை விடவில்லை.

விரல்கள் காத்திருந்தன. மீன் கொடுத்தாயிற்று. தூக்குவது பாக்கி.