இருபத்தோராவது கோடு

இமைக்குள் மணல் கொட்டியதுபோல் எரிந்தது. சோதனைக்கு முந்தின இரவு தூங்கக் கூடாது என்றார்கள், தூங்கவில்லை. மூட்டை சுமந்த தோள், சுமை இறக்கி நாற்பத்தைந்து நாளாகியும் விண்விண்ணென்று தெறித்தது.

"ரிப்போர்ட் சரியா வந்தா பைய எடுத்துட்டு வீட்டுக்கு வா. இல்லன்னா இங்கயே கெட. இனிமே என்னால அலைய முடியாதுடா," என்று அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டாள். போதை ஊசியை விட்டவனின் மூளை அலை சீராகிறதா என்று பார்க்கிற சோதனை இது. இதில் தேறினால்தான் மறுவாழ்வு மையம் அவனை அனுப்பும்.

ஜன்னலில்லாத அறையில் படுக்க வைத்து, சில்லென்ற பசையைத் தலையில் அப்பி, டெக்னீஷியன் பெண் ஒவ்வொரு வயராக ஒட்டினாள்.

"எண்ணெய் வச்சீங்களாண்ணே? வழுக்குது. சொன்னா கேக்குறதே இல்ல."

"அக்கா தேச்சு விட்டுச்சு மேடம். பொண்ணு பாக்கவா போறோம்னேன், கேக்கல."

மூட்டை எண்ணிய பழக்கம் போகவில்லை. வயர்களை எண்ணினான். இருபது. பக்கத்துத் திரையில் ஓடிய கோடுகளை எண்ணினான். இருபத்தொன்று.

"மேடம், ஒண்ணு கூட இருக்கு."

"அது சும்மா இருக்குற லைன்ணே. அதுல வயரே சொருகல. கண்ண மூடுங்க. மூடினா அலை ரம்பப் பல்லு மாதிரி சீரா வரும், தொறந்தா அடங்கிடும். எல்லாருக்கும் அப்படித்தான்."

மூடினான். ஏசியின் முனகலுக்குள்ளே, ஸ்பிரிட் வாடைக்கு அடியிலிருந்து, நனைந்த சாக்கும் லைட்டரில் கருகிய கரண்டியுமாக ஒரு பழைய வாடை மெதுவாக எழுந்து வந்து அவன் மூக்கருகே நின்றது. கிடங்கின் பின்னறை வாடை. பத்து வருஷம் ஒரே லாரியில் சுமை இறக்கிய குட்டையனும் அவனும் அங்கேதான் ஊசி போடுவார்கள். ஒருவன் போட்டால் மற்றவன் விழித்திருக்க வேண்டும். அது அவர்களுக்குள் சட்டம். கடைசி நாள் விழித்திருக்க வேண்டியவன் இவன். இவனும் போட்டுக்கொண்டான். தெளிந்து பார்த்தபோது குட்டையனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பாதி திறந்த கண் இவனையே பார்த்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் போலீசும் வரும். விரலால் அந்த இமைகளை இழுத்து மூடிவிட்டு ஓடினான்.

இமை சூடாக இருந்தது, உயிர் இருந்த சூடு. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"கண்ண தொறங்க."

திறந்தான். இருபது கோடுகளும் அடங்கின. கடைசிக் கோடு அடங்கவில்லை. ரம்பப் பல். சீராக.

"அது யாரோ கண்ண மூடியே வச்சிருக்காங்க மேடம்."

அவள் சிரித்தாள். "தூக்கக் கலக்கம்ணே உங்களுக்கு. பக்கத்து லைன்ல இருந்து ஏதாவது கசியும். ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்குக் கிளம்புங்க. இருங்க, பசை தொடைக்கத் துணி எடுத்துட்டு வரேன்."

கதவு சாத்திக்கொண்டது.

வாடை கூடியது. படுக்கையின் கால்மாடு லேசாக அமுங்கியது. யாரோ உட்கார்ந்தாற்போல.

வயர்களைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். மயிரோடு பிய்ந்து வந்தன. திரையில் இருபது கோடுகளும் கிறுக்கின. குதித்தன.

கடைசிக் கோடு மட்டும் சீராக ஓடியது.

"டேய், முடிஞ்சிருச்சாமே!" வெளியே அக்காவின் குரல். சந்தோஷமாக இருந்தது. "வா, வீட்டுக்குப் போலாம்."

அந்தக் கோடு நின்று கேட்டதுபோல் ஒருமுறை நடுங்கியது.

அடங்கியது.

அன்று மூடிய கண் திறந்துவிட்டது.

அவன் கால்மாட்டுப் பக்கம் திரும்பவில்லை. குட்டையனுக்கு அவன் தர வேண்டியது ஆம்புலன்ஸுக்கு ஒரே ஒரு போன் கால். இன்னும் தரவில்லை.