உருண்டையின் காதுக்குள்ளே

மிளகுக்கு வயது பத்து. ஆள் சின்னது, வாய் காரம் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. அவளுடைய நாயின் பெயர் உருண்டை. ஏன் என்று அதைப் பார்த்தவர்கள் யாரும் கேட்டதில்லை.

விலங்கு மருத்துவமனையில் உருண்டையை மேசைமேல் தூக்கி வைப்பதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. டாக்டரம்மா அதன் இடது காதைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே சீழ் கட்டியிருந்தது.

“இது மூணாவது தடவை. சொட்டு மருந்த ஏழு நாளும் விட்டீங்களா?”

“ஒரு நாள் தவறல டாக்டர். எல்லாம் மிளகு பொறுப்பு,” என்றார் அப்பா பெருமையாக.

மிளகு தரையைப் பார்த்தாள்.

“சரி, அதையே இன்னும் ரெண்டு வாரம் விட்டுப் பாப்போம். அதுக்கும் அடங்கலன்னா ஆபரேஷன்தான். அப்புறம் அந்தக் காது கேக்காது.” டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

மிளகு அந்தப் பேனாவையே பார்த்தாள். சொன்னால் அப்பாவின் முகம் வாடும். சொல்லாவிட்டால் உருண்டையின் காது போகும்.

“எழுதாதீங்க டாக்டர். நான் மூணு நாள்தான் விட்டேன். அது அழுதுச்சு, அரிப்பும் நின்னுபோச்சு. மிச்சத்த எடுத்து வெச்சு, மறுபடி அரிச்சப்போ ரெண்டு ரெண்டு நாள் விட்டேன்.”

அப்பா மிளகைத் திரும்பிப் பார்த்தார்.

“நல்லவேளை சொன்ன,” என்று டாக்டரம்மா பேனாவை வைத்தார். “அரைகுறையா விட்டா நோஞ்சான் கிருமிதான் சாகும். தாக்குப்பிடிச்சது உள்ளயே பெருகிடும். அதுல சிலது, மருந்து மேல எதையாவது ஒட்டி அத வேலை செய்யவிடாம பண்ணிடும். எந்த மருந்து கேக்கும்னு சோதிச்சிடலாம்.”

பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டெடுத்து ஒரு சின்னக் குழாயில் போட்டு மூடினார். “முடிவு தெரிய மூணு நாள் ஆகும்.”

அந்த மூன்று நாளும் மிளகுக்குச் சோறு இறங்கவில்லை. உருண்டைக்கு இறங்கியது, அவள் பங்கும் சேர்த்து.

மூன்றாம் நாள் டாக்டரம்மா ஒரு வட்டத் தட்டைக் காட்டினார். தட்டு முழுக்கக் கிருமிகள் மங்கலாகப் படர்ந்திருந்தன. நடுவே குட்டிக் குட்டிக் காகித வில்லைகள்.

“ஒவ்வொரு வில்லையிலயும் ஒரு மருந்து. மருந்து வேலை செஞ்சா, அதச் சுத்திக் கிருமி வளராது. இதோ ஜென்டாமைசின், நீ விட்ட மருந்து.”

அந்த வில்லையைக் கிருமிகள் ஒட்டி உரசிக்கொண்டு நின்றன. அடுத்த வில்லையிலும் அதே கதை.

“இதப் பாரு, அமிகாசின்.”

அதைச் சுற்றி மட்டும் பெருக்கித் துடைத்ததுபோல ஒரு சுத்தமான வட்டம்.

“இதுவும் அதுக்குப் பங்காளிதான். ஆனா கிருமி ஒட்டப் பாக்குற இடத்த இது மறைச்சு வெச்சிருக்கு.”

“அப்போ ஆபரேஷன்?”

“வேண்டாம். பதினாலு நாள், முழுசா.”

மிளகு உருண்டையைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டாள். மூன்று நாளாக அடக்கி வைத்த அழுகை அது.

வழியில் அப்பா கேட்டார். “எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க என்னப் பத்திப் பெருமையாப் பேசிட்டே இருந்தீங்க.”

“இப்பவும் பேசத்தான் போறேன்,” என்றார் அப்பா.

புது மருந்து விட்ட நான்காம் நாளே அரிப்பு நின்றது. மிளகு நிறுத்தவில்லை. உருண்டை முனகியது, முறைத்தது, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தது. பதினான்காம் நாளும் சொட்டு சரியாக விழுந்தது.

மறுநாள் டாக்டரம்மா காதைப் பார்த்து, “சுத்தமா இருக்கு,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மிளகு உருண்டையின் வலது காதைப் பொத்திக்கொண்டாள். இடது காதில் மிக மெதுவாக, “குளிக்கலாமா?” என்றாள்.

உருண்டை தெருமுனை தாண்டித்தான் நின்றது.